ரெண்டாஞ் சுத்து

என் குறிப்பேடுகளில் அவர் பெயர் எங்கும் இல்லை. 'கா. அ.' என்றுதான் இருக்கிறது. கார் அண்ணன். கோச்சடையில் எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் அவருக்கு அதுதான் பெயர். வீட்டுக் கதவில் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் இறந்து வருகிற மார்கழியோடு இரண்டு வருடம் நிறைகிறது. இங்கும் அவர் கார் அண்ணனாகவே இருக்கட்டும்.

எதற்கும் தேதி எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. தண்ணீர்த் தொட்டி கழுவிய நாள், சிலிண்டர் மாற்றிய நாள், வைகையில் தண்ணீர் வந்த நாள், ஒரு புத்தகத்தைத் தொடங்கிய நாள், பிடிக்காமல் பாதியில் மூடிய நாள். வேலையில் இருந்தபோது தொடங்கியது. ஓய்வு பெற்ற பிறகு அதுவே வேலையாகிவிட்டது. இதனால் யாருக்கு என்ன பயன் என்று என் மனைவி கேட்பாள். பயன் கண்டவர் கார் அண்ணன் ஒருவர்தான்.

எங்கள் பகுதியில் பழைய கார் வாங்க நினைக்கிற யாரும் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டாமல் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் கேட்டின் முன்னால் நின்று, "மாப்ள, உன்கிட்ட பூதக்கண்ணாடி இருக்காம்ல, எடுத்துக்கிட்டு வா. வேலையிருக்கு" என்றார். என் மனைவியை அவர் தங்கச்சி என்று அழைப்பார். அதனால் நான் மாப்பிள்ளை. அறுபது வயதுக்கு மேல் எனக்குக் கிடைத்த மச்சினன்.

காரின் ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் அது செய்யப்பட்ட வருடமும் மாதமும் எறும்பு அளவில் குறித்திருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. டயரின் பக்கவாட்டில் வாரமும் வருடமும் இருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் அடியில் ஒரு துணிச்சீட்டில் இன்னொரு தேதி. வாழ்நாளெல்லாம் தேதி எழுதுகிறவன் நான். இவ்வளவு தேதிகளைச் சுமந்துகொண்டு ஒரு பொருள் தெருவில் போய்க்கொண்டிருக்கிறது என்பதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

"எல்லாத் தேதியும் ஒட்டி ஒட்டி இருந்துச்சுன்னா பொறந்தபடியே இருக்குற வண்டி. ஒரு கண்ணாடி மட்டும் ரெண்டு வருஷம் எளசா இருக்கா? அப்ப அந்தப் பக்கம் என்னமோ நடந்திருக்கு. என்னன்னு கேளு. அதுக்கு விக்கிறவன் முழிக்கிற முழியில பாதி விலை தெரிஞ்சுரும்" என்றார்.

படிப்பதும் எழுதுவதும் என் வேலை. சுற்றுவது அவர் வேலை.

ஒரு காரை அவர் இரண்டு முறை சுற்றி வருவார். சட்டைப் பையில், பழைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று துணியில் சுற்றி இருக்கும். முதல் சுற்றில் அதைக் கதவுகளின் மேல் வைத்துப் பார்ப்பார். இரும்பு இருக்கிற இடத்தில் ஒட்டும். நசுங்கியதைப் பட்டி மாவு வைத்துப் பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால் அந்த இடத்தில் நழுவிக் கையில் விழும். விழுந்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். எடுத்துத் துணியில் துடைத்துவிட்டு மறுபடியும் அதே இடத்தில் வைப்பார். மறுபடியும் விழும். வண்டிக்காரர் தானே பேசத் தொடங்கிவிடுவார்.

இரண்டாவது சுற்றில் காந்தம் கிடையாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடப்பார். பம்பரின் அடிப்பக்கம், சக்கரத்தின் விளிம்பு, பெடலின் ரப்பர், சீட்டின் இருப்பு என்று ஒவ்வொன்றிலும் நின்று நின்று போவார். எதற்கு என்று கேட்டேன்.

"மொதச் சுத்து வண்டிக்கு. ரெண்டாஞ் சுத்து ஓட்டுனவனுக்கு. வண்டி பொய் சொல்லும் மாப்ள, பெயிண்ட் அடிச்சா அம்புட்டுதான். ஓட்டுனவன் எப்பிடிப்பட்ட ஆளுங்கிறத மட்டும் மறைக்க முடியாது."

இதைக் கேட்டு நான் லேசாகச் சிரித்தேன். சோழவந்தானுக்குப் போன பிறகு சிரிக்கவில்லை.

சோழவந்தானுக்கு எனக்காகத்தான் போனோம். அந்த ஆண்டு மாசியில் என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். பழங்காநத்தம் தாண்டி ஒரு மருத்துவமனையில், காலை ஆறு மணிக்குப் படுக்கை. அந்த நேரத்துக்கு ஆட்டோ கிடைக்காது. கிடைத்தாலும் திரும்பி வரும்போது பைபாஸ் ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் என் தோளை இறுக்கிப் பிடிப்பாள். ஆறு வாரம் அப்படிப் போனோம். ஒரு காரை வாங்கி, தேவைப்படும் நாளுக்கு மட்டும் வருகிற ஆக்டிங் டிரைவரை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது.

விற்க இருந்தவர் ஒரு வெற்றிலை வியாபாரி. குள்ளமான, கலகலப்பான மனிதர். தோட்டத்து ஓரம் கார் நின்றது. "நான் ஒருத்தன்தாங்க ஓட்டுறேன். பிள்ளை மாதிரி வச்சிருக்கேன்" என்றார். கண்ணாடிகளைப் படித்தேன். தேதிகள் எல்லாம் சரியாக இருந்தன. காந்தம் எங்கும் விழவில்லை. எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

கார் அண்ணன் இரண்டாவது சுற்றை முடித்துவிட்டு, வியாபாரியைப் பார்த்தார்.

"இந்த வண்டிய நீங்க ஓட்டலண்ணே. சீட்டு பின்னாடி கடைசி வரைக்கும் போயிருக்கு. நீங்க உக்காந்தா காலு எட்டாது."

வியாபாரி சிரித்தார். "மருமகன் எப்பவாச்சும் எடுப்பாரு..."

"எப்பவாச்சும் இல்ல. தினமும். ஆளு நல்ல உசரம். ஆத்திரக்காரர் இல்ல, கிளட்ச்ச ஒழுங்காத்தான் மிதிக்கிறாரு. ஆனா முன் பம்பருக்கு அடியில பாருங்க, அம்புட்டும் ஒரே மாதிரி அடி. வேகத்தடை பக்கத்துல வந்தப்பறந்தான் அவருக்குத் தெரியுது. எட்ட இருக்குறது மங்கலா இருக்கு. கண்ணக் காட்டச் சொல்லுங்க."

வியாபாரியின் சிரிப்பு நின்றது. கார் அண்ணன் என் பக்கம் திரும்பி, விற்பவரின் காதில் விழும்படியே, "ஒண்ணு நாப்பது குடு. அதுக்கு மேல ஒரு பைசா குடுக்காத" என்றார். கேட்ட விலை இரண்டு லட்சம். பேச்சு அத்தோடு முறிந்தது. ஒரு மாதம் கழித்து வைகாசியில் அந்த வியாபாரி ஒரு கவுளி வெற்றிலையை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மருமகனுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. கட்டாயம் போட வேண்டிய நிலையாம்.

அன்று மேலக்கால் ரோட்டில் திரும்பி வரும்போது நான் வாடிப்போயிருந்தேன். அவர் தன் காரை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "எதுக்கு மாப்ள உனக்கு வண்டி? வாரத்துக்கு ரெண்டு நாளு. நான் சும்மாதான இருக்கேன். செவ்வாய், வெள்ளி அஞ்சு மணிக்கு வாரேன். தங்கச்சிய ரெடியா இருக்கச் சொல்லு."

அப்படித் தொடங்கியது. ஒரு நாளும் ஐந்தை ஐந்து நிமிடம் தாண்டியதில்லை.

அவருடைய கார் சிறிய வெள்ளைக் கார். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. அந்தக் கம்பெனியைப் பற்றி அவர் சொன்ன நல்லதும் கெட்டதும் சம அளவில் என்னிடம் இருக்கின்றன. அவர் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அதிகாரி ஜீப்பில் போகும்போது கோப்புகளோடு டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போவது அவர் வேலையில் ஒரு பகுதி. "பதினெட்டு வருஷம் இடது பக்கம் உக்காந்தேதான் ஓட்டக் கத்துக்கிட்டேன். ஸ்டீரிங்கத் தொட்டது அதுக்கப்பறம்" என்பார்.

கருத்துகளுக்குப் பஞ்சமே இல்லை. புதுக் கார் வாங்க ஆடி மாதம் போக வேண்டும் என்பார். ஊரே ஆவணிக்குக் காத்திருக்கும்போது ஷோரூமில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கேட்ட விலைக்கு இறங்குவார்கள். பணத்தைக் கட்டிவிட்டு, வண்டியை ஆவணி முதல் தேதி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். "சாமிக்கும் குத்தமில்ல, பணப்பைக்கும் குத்தமில்ல." பில்லில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால், யார் யாரை எங்கே தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்க வேண்டும் என்பார். வருடக் கடைசியில் தள்ளுபடி என்றால், வண்டிக்கு ஒரே ராத்திரியில் ஒரு வயது கூடிவிடும் என்று எச்சரிப்பார். பக்கத்துத் தெரு ஆசிரியர் ஒருவர் கூரையில் கண்ணாடி திறக்கிற காரைத் தவணையில் வாங்க ஆசைப்பட்டார். "வாத்தியாரே, மதுர வெயில்ல மண்டைக்கு மேல ஓட்டை எதுக்கு? வருஷத்துக்கு எம்புட்டு நாளு தொறப்பீங்க?" என்றார். ஆசிரியர் யோசித்து, "மழை வந்தா பிள்ளைக பாக்கும்" என்றார். "மழை வந்தா மூடணும்யா!" ஆசிரியர் அதையேதான் வாங்கினார். முதல் நாள் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்ததும், ஆசிரியர் பாண்டி கோயிலுக்குப் போனபோது இடது சீட்டில் உட்கார்ந்து போனதும் கார் அண்ணன்தான். தன் யோசனையைக் கேட்டோ கேட்காமலோ யார் கார் வாங்கினாலும் முதல் நாள் அவர்களோடு கூடப் போவது அவர் வழக்கம்.

தன் காரின் அன்றைய விலை தெரியாதவனுக்குத் தன் காரைத் தெரியாது என்பது அவருடைய இன்னொரு கொள்கை. ஆயுத பூஜையன்று காரைக் கழுவிச் சந்தனம் வைத்ததும், வாசலில் நின்று சத்தமாகத் தன் காருக்கு விலை சொல்வார். போன வருடத்தைவிட எவ்வளவு குறைவு, ஏன் குறைவு என்றும் சொல்வார். பொரி வாங்க வந்த பிள்ளைகள் சிரிக்கும். "கேட்டா விலை சொல்லணும். விக்கிறதும் விக்காததும் நம்ம இஷ்டம்."

ஓட்டுவதில் அவர் பெரிதாகச் சொன்னது இரண்டுதான். முன்னால் போகிறவன் பிரேக் அடித்து, அதனால் நமக்குக் கோபம் வந்தால், நாம்தான் அவனை ஒட்டிப் போயிருக்கிறோம். இன்னொன்று, ஹாரன் அடிக்காமல் காளவாசல் சிக்னலைத் தாண்டத் தெரிந்தவனுக்கு மட்டும் லைசென்ஸ் கொடுக்க வேண்டும். அவர் ஹாரன் அடித்து முதல் ஏழு மாதத்தில் நான் மூன்று முறைதான் கேட்டிருக்கிறேன். எழுதியிருக்கிறேன்.

அதனால்தான் ஹாரன் கூடியபோது எனக்குத் தெரிந்தது.

கார்த்திகையில் ஒரு செவ்வாய், போக வர ஐந்து முறை. மார்கழியில் எண்ணுவதை விட்டுவிட்டேன். காரில் கீறல்கள் தெரியத் தொடங்கியதும் அப்போதுதான். முதலில் இடது பின் கதவில், ஒரு முழ நீளம். "கோயிலு பக்கத்துல நிப்பாட்டியிருந்தேன். எவனோ சாவிய வச்சு இழுத்துட்டுப் போயிருக்கான்" என்றார். பிறகு இடது பக்க மிரர் உடைந்தது. "ஆட்டோக்காரன்." பிறகு இடது முன் சக்கரத்தின் விளிம்பு. பிறகு இடது பம்பரின் முனை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருந்தான். ஒவ்வொன்றையும் நான் நாளும் இடமும் போட்டு எழுதிக்கொண்டேன். வலது பக்கம் ஒரு கீறல்கூட இல்லை.

நான் முட்டாள் அல்ல. சோழவந்தானில் அவர் செய்ததை நின்று பார்த்தவன். பட்டியலை எழுதுகிற கைக்கே அது என்ன பட்டியல் என்று தெரிந்திருந்தது. தை முடிவதற்குள் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. அதற்கு நான் வைத்திருந்த காரணங்கள் கௌரவமானவை: பெரியவர், உதவி செய்கிறவர், தனியாக இருக்கிறவர், மனம் நோகும். உண்மையான காரணம் செவ்வாயும் வெள்ளியும். அதிகாலை ஐந்து மணிக்குக் கேட்டின் முன்னால் அந்த வெள்ளைக் கார் நிற்கவில்லை என்றால் மறுபடியும் ஆட்டோ, மறுபடியும் அவள் விரல்கள் என் தோளில். எனக்கும் அசதி. அந்த ஒரு வருடத்தில் நான் படித்து முடித்த புத்தகம் ஒன்றுகூட இல்லை என்று குறிப்பேடு சொல்கிறது.

இன்னொரு மாற்றத்தையும் அந்த நாட்களில் கவனித்தேன். என் மனைவி பேசத் தொடங்கியிருந்தாள். இயல்பில் அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. நோய் வந்த பிறகு இன்னும் குறைந்துவிட்டது. தையிலிருந்து, பின் சீட்டில் சாய்ந்து கிடக்கிறவள், "காலை நீட்டிக்கிறேன்" என்று முன்னால் இடது பக்கம் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள்.

"அந்தப் பூக்காரம்மா வண்டிய எம்புட்டு ரோட்டுல தள்ளி வச்சிருக்கு பாருங்கண்ணே."

"ஆமா தங்கச்சி."

"ரெண்டு பிள்ளைக சைக்கிள்ல ஜோடியாப் போகுதுக பாருங்க, பேசிக்கிட்டே."

"ம்."

"பஸ்ஸு நிப்பாட்டப் போறான்போல."

நான்கு மணி நேரம் ஊசியோடு கிடந்துவிட்டு வருகிறவளுக்கு எங்கிருந்து இவ்வளவு பேச்சு வருகிறது என்று எனக்கு ஆச்சரியம். உடம்பு தேறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அதையும் எழுதினேன்: 'இன்று உற்சாகமாகப் பேசினாள்.' அந்த வரியை இன்று பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை. டயாலிசிஸ் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பைபாஸ் ரோட்டில் பொன்மேனி பக்கம் வரும்போது இடது பக்கம் ஏதோ உரசுகிற சத்தம், பிறகு ஒரு பச்சைப் பாய் விரிந்ததுபோல் ரோடு முழுவதும் வாழையிலை. மொபெட்டில் இலைக்கட்டு வைத்துக்கொண்டு வந்த மனிதர் ஓரத்தில் முழங்கால் குத்திக் கிடந்தார். நல்லவேளை, சிராய்ப்பு மட்டும். கூட்டம் கூடிவிட்டது.

கார் அண்ணன் இறங்கி ஓடினார். அவரைத் தூக்கி நிறுத்தி, தூசியைத் தட்டிவிட்டு, பிறகு கத்தினார்: "எங்கய்யா இருந்து வந்த? திடீர்னு வந்து விழுந்தா நான் என்ன பண்றது?"

இலைக்காரர் கோபப்படக்கூட இல்லை. குழம்பிப்போய் அவரைப் பார்த்தார். "நான் எங்கண்ணே திடீர்னு வந்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

இலைக்கெல்லாம் சேர்த்துக் கார் அண்ணன் காசு கொடுத்தார். வீடு வந்து சேரும் வரை யாரும் பேசவில்லை. என் மனைவியும் பேசவில்லை.

வீட்டில் படுக்கையில் சாய்ந்ததும் சொன்னாள்: "அந்த ஆளு பழங்காநத்தத்துல இருந்தே நம்ம இடது பக்கமாத்தான் வந்துக்கிட்டு இருந்தாரு."

நான் மின்விசிறியைப் போட்டேன்.

"நான் சொல்லிக்கிட்டே வருவேன். அண்ணனுக்கு வருத்தமா இருக்கக் கூடாதுன்னு கதை மாதிரி சொல்லிக்கிட்டு வருவேன். இன்னைக்கு ரெண்டு நிமிசம் கண்ணசந்துட்டேன்." கண்களை மூடிக்கொண்டாள். "எனக்கு முடியலைங்க. நாலு மணி நேரம் அங்க படுத்துக் கெடக்குறதுகூடப் பெருசாத் தெரியல. வரும்போது பேசிக்கிட்டே வரணுமேன்னு நெனச்சா அழுகையா வருது. நீங்க அவருகிட்ட சொல்லுங்க. இல்லாட்டி நான் ஆட்டோல போயிக்கிறேன்."

மூன்று மாதம். அந்த உடம்போடு, ஒரு மனிதரின் இடது கண்ணாக அவள் உட்கார்ந்து வந்திருக்கிறாள். நான் பின்னால் உட்கார்ந்து தேதி எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் புதன். காலையில் குறிப்பேட்டையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று இரவெல்லாம் யோசித்து வைத்த வாக்கியங்கள் கேட்டைத் திறந்ததும் போய்விட்டன. அவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வலது பக்கத்தை.

"அண்ணே, ஒரு வண்டி வாங்கலாம்னு இருக்கேன். நீங்க பாத்துச் சொல்லணும்."

அவர் முகம் மலர்ந்தது. "அடடே. எங்க நிக்குது?"

"உங்க வாசல்லதான்."

துணியைப் பிழிந்துகொண்டே சிரித்தார். "என் வண்டியவா? உனக்குக் கிளட்ச் எது, பிரேக் எதுன்னே தெரியாதேய்யா."

"ஆக்டிங் டிரைவர் வச்சுக்கிறேன்ண்ணே."

சிரிப்பு கொஞ்சம் தங்கிப் பிறகு போயிற்று. "நான் விக்கிறதாச் சொல்லவே இல்லையே."

"கேட்டா விலை சொல்லணும்னு நீங்கதான் சொல்லுவீங்க."

அவர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தார். துணியைப் பக்கெட்டில் போட்டுவிட்டுச் சட்டையில் கை துடைத்துக்கொண்டார். கோபித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. யார் கேட்டாலும் கார் பார்க்க மறுத்தவர் அல்லவே.

முதல் சுற்று வேகமாக முடிந்தது. காந்தத்தை எடுக்கவில்லை. "கண்ணாடி எல்லாம் பொறந்தபடி. மிரர் ஒண்ணு மாத்துனது. டயரு நாலும் ஒண்ணுபோல. இன்ஜின் சுத்தம், ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகாது" என்று தானே சொல்லிக்கொண்டு போனார்.

பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வலது பக்கம் மெதுவாக நடந்தார். பின்பக்கம் வந்தார். இடது பக்கம் திரும்பியதும் நின்றுவிட்டார். குனிந்தார். கதவின் கீறலில் விரலை வைத்து நீளம் முழுவதும் ஓட்டினார். சக்கரத்தின் விளிம்பைத் தொட்டார். பம்பர் முனைக்கு வந்து, அதில் ஒட்டியிருந்த வாழையிலை நாரை நகத்தால் எடுத்தார். எல்லாம் அவர் ஏற்கெனவே பார்த்தவைதான். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைச் சொன்னவைதான். ஒரே நடையாக, வரிசையாகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"தேதி இருக்கா?" என்றார், நிமிராமல்.

"இருக்குண்ணே."

"படி."

படித்தேன். கார்த்திகை மூன்றாம் வெள்ளி, இடது பின் கதவு. மார்கழி முதல் செவ்வாய், இடது மிரர். தை இரண்டாம் செவ்வாய், சக்கர விளிம்பு. மாசியில் இரண்டு. நேற்று ஒன்று. வேறு எந்தக் காரைப் பார்க்கும்போதும் படிக்கிற அதே குரலில்தான் படித்தேன். வேறு குரல் எனக்கு வரவில்லை.

"எப்ப எழுதுன?"

"அன்னன்னைக்கு."

"எங்கிட்டச் சொல்லலயே மாப்ள."

"இல்லண்ணே."

"ஏன்?"

பொய் சொல்ல நிறைய இடம் இருந்தது. "செவ்வாய், வெள்ளி வந்துருமேண்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அந்தப் பதிலில் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பின்னால் கட்டிய கையை அவிழ்க்காமலே, "தங்கச்சி அதுக்குத்தான் பேசிக்கிட்டு வந்துச்சா?" என்று கேட்டார்.

நான் குறிப்பேட்டை மூடினேன்.

தெருவில் ஒரு குப்பை வண்டி போயிற்று. அது போகும் வரை காத்திருந்தார். பிறகு, சோழவந்தானில் வெற்றிலை வியாபாரியைப் பார்த்த அதே பார்வையோடு காரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வண்டி நல்ல வண்டி. ஓட்டுனவனுக்கு இடது பக்கம் இல்ல. ரெண்டு இருபது போற வண்டி, ஒண்ணு எம்பது குடு. அதுக்கு மேல ஒரு பைசா குடுக்காத."

சாவியைப் பையிலிருந்து எடுத்துப் பானெட்டின் மேல் வைத்தார்.

கண் மருத்துவமனைக்கு அடுத்த வாரம் நான் கூட்டிக்கொண்டு போனேன். இடது கண்ணில் பார்வை நரம்பு ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. ஒரே நாளில் போனதல்ல, தினம் ஒரு துளியாகப் போயிருக்கிறது, அதனால்தான் தெரியாமல் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். கார் அண்ணன் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "வலதுக்கு என்ன விலை போகும் டாக்டர்?" என்றார். டாக்டருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, ஆனால் சிரிப்பு வரவில்லை.

கண் மருத்துவமனைக்கு முன்பே, சாவி கைமாறிய அந்த வாரமே ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஆக்டிங் டிரைவர் நான்கே முக்காலுக்கே வந்துவிட்டார். ஐம்பது வயதுக்காரர், பொறுமையான மனிதர். காரைக் கேட்டுக்கு வெளியே எடுத்தபோது கார் அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

"மொத நாளு நான் வராம யாரு வண்டியும் போனதில்ல" என்று சொல்லிவிட்டு, முன்னால் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். என் மனைவி பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டயாலிசிஸ் முடிந்து திரும்பினோம். பழங்காநத்தம் தாண்டுவதற்குள் அவள் தலை என் தோளில் விழுந்துவிட்டது. இந்த முறை விரல்கள் எதையும் பற்றவில்லை. வாயை லேசாகத் திறந்துகொண்டு, ஓர் ஆண்டில் நான் பார்த்திராத தூக்கம் தூங்கினாள். முன்னால் அவர் கழுத்தை இடது பக்கம் முழுவதும் திருப்பி வைத்துக்கொண்டு வந்தார். பூக்கார அம்மாவின் வண்டி, சைக்கிள்கள், ஓரத்தில் நிற்கிற பஸ் என்று அவள் இத்தனை நாள் அவருக்குச் சொல்லிவந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அதற்கு அவர் அந்த அளவு கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

காளவாசல் சிக்னலில் பச்சை விழுந்தது. முன்னால் நின்ற ஆட்டோ நகரவில்லை. டிரைவர் ஹாரனில் கை வைத்தார்.

"ஹாரன் அடிக்காமப் போங்க தம்பி" என்றார் கார் அண்ணன், மெதுவாக. "தங்கச்சி தூங்குது."